வாசகர் கேள்வி–பதில்: இன்ஜினியரிங்கா, இன்டஸ்ட்ரியல் டெக்னாலஜியா?

கேள்வி: என் மகளுக்கு ஒரே கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், இன்டஸ்ட்ரியல் டெக்னாலஜி இரண்டிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. பாடங்களின் பெயர் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. எதில் சேர்ப்பது?

பதில்: முழுப் பாடத்திட்டத்தையும் வாங்கி, கணிதம் எத்தனை செமஸ்டர் போகிறது, ஆய்வகத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம் என்ற இரண்டை மட்டும் முதலில் பாருங்கள். இன்ஜினியரிங்கில் வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ், எண்முறைகள் என்று கணிதம் நீளும். டெக்னாலஜியில் அது பெரும்பாலும் அடிப்படை நுண்கணிதத்தோடும் புள்ளியியலோடும் நின்றுவிடும். மிச்ச நேரம் உற்பத்தி முறை, தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு, தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று போகும். ஒரு ஷாஃப்ட்டை (சுழலும் தண்டு) எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கு விசையும் வளைவும் சேர்ந்து தாக்கும்போது அது எத்தனை மி.மீ. விட்டம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது இன்ஜினியரிங். அதே ஷாஃப்ட்டை ஒரு ஷிஃப்டில் 500 எடுத்தாலும் அளவு மாறாமல், ரிஜெக்‌ஷன் இல்லாமல் எடுப்பது டெக்னாலஜி. இரண்டும் முழுமையான வேலைகள்தான். ஒன்றை மற்றதற்குக் கீழே வைத்துப் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் பின்னால் தொழில்முறைப் பொறியாளராகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசிக்க வேண்டும். பல நாடுகள் ஒன்றின் படிப்பை மற்றொன்று ஏற்பதற்கு மூன்று ஒப்பந்தங்கள் இருக்கின்றன: பொறியாளர் பட்டத்துக்கு 1989-இன் வாஷிங்டன் ஒப்பந்தம், டெக்னாலஜிஸ்ட் படிப்புக்கு 2001-இன் சிட்னி ஒப்பந்தம், டெக்னீஷியன் படிப்புக்கு 2002-இன் டப்ளின் ஒப்பந்தம். எந்த நாட்டில் பதிவு செய்ய விருப்பமோ, அங்குள்ள பதிவு அமைப்பு டெக்னாலஜி பட்டத்தை ஏற்கிறதா, கூடுதல் அனுபவ ஆண்டுகள் கேட்கிறதா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். ‘எங்கள் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு’ என்ற பதிலோடு திரும்பிவிட வேண்டாம். இந்த அங்கீகாரம் படிப்புவாரியாகத் தரப்படுவது. அதற்குக் காலவரம்பும் உண்டு. மகள் சேரும் படிப்பின் பெயரும் ஆண்டும் அந்தச் சான்றில் இருக்க வேண்டும்.

கேள்வி: கல்லூரியை நேரில் பார்க்கப் போகிறோம். பட்டறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எத்தனை எந்திரம் என்பதைவிட, ஓர் எந்திரத்துக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். ஒரு சி.என்.சி.யை (கணினி இயக்கும் வெட்டு எந்திரம்) சுற்றி 20 பேர் நின்றால், ஒருவர் இயக்குவார், 19 பேர் பார்ப்பார்கள். எந்திரத்தின் லாக் புக்கை (பயன்பாட்டுப் பதிவேடு) காட்டச் சொல்லுங்கள். மைக்ரோமீட்டரில் (நுண்ணளவுக் கருவி) ஒட்டியிருக்கும் அடுத்த காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) தேதியைப் பாருங்கள். தேதி கடந்திருந்தால், அந்த லேபில் 0.01 மி.மீ. என்று எழுதும் எந்த அளவையும் நம்ப முடியாது.

அங்கே படிக்கும் மாணவரிடம், ‘25 மி.மீ. மைல்டு ஸ்டீலை ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலால் கடைய லேத்தில் (கடைசல் எந்திரம்) என்ன வேகம் வைப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று கொண்டால், அதை 1000-ஆல் பெருக்கி, 3.14-ஐயும் விட்டத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க நிமிடத்துக்கு 318 சுற்று என்று வரும். அதற்குப் பக்கத்தில் எந்திரத்தில் இருக்கும் வேகத்தை வைக்க வேண்டும். 300-ஐ ஒட்டி ஏதாவது சொன்னால் நல்ல பட்டறை. வேகத்தை ஆசிரியரே வைத்துக் கொடுப்பார் என்று பதில் வந்தால், மாணவர் கையில் எந்திரம் இன்னும் போகவில்லை.

கேள்வி: பி.எல்.சி. (எந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) லேபில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் ஓடவில்லை. ஸ்டாப் பட்டன் என்.சி. (அழுத்தாதபோது மூடியிருக்கும் இணைப்பு); லேடரிலும் (பி.எல்.சி. புரோகிராமின் ஏணி வடிவ வரைபடம்) என்.சி. கான்டாக்ட்தான் போட்டோம். எங்கே தவறு?

பதில்: லேடரில். ஸ்டாப் பட்டன் என்.சி. என்பதால், யாரும் அழுத்தாதபோதே 24 வோல்ட் அதன் வழியாக இன்புட்டுக்கு வந்து நிற்கிறது. அதாவது பி.எல்.சி.க்குள் அந்த பிட் 1. லேடரின் என்.சி. கான்டாக்ட் பிட் 0 ஆக இருந்தால்தான் வழிவிடும். உங்கள் ரங் (லேடரின் ஒரு படி) அங்கேயே அறுந்துவிட்டது. லேடரில் அதை என்.ஓ. (பிட் 1 ஆக இருந்தால் வழிவிடும்) கான்டாக்ட்டாக மாற்றுங்கள். ஸ்டார்ட்டுக்கு இணையாக அவுட்புட்டின் கான்டாக்ட்டைப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் விரலை எடுத்ததும் மோட்டார் நின்றுவிடும்.

மோட்டாரை ஓட வைக்க, பட்டனையே என்.ஓ.வாக (அழுத்தாதபோது திறந்திருக்கும் இணைப்பு) மாற்றிவிடுவது சிலர் செய்யும் குறுக்கு வழி. அதைச் செய்யவே கூடாது. அப்படி இணைத்தபின் ஸ்டாப் வயர் அறுந்தால் யாருக்கும் தெரியாது. நிறுத்த வேண்டிய நேரத்தில் பட்டன் வேலை செய்யாது. என்.சி. என்றால் வயர் அறுந்த கணமே மோட்டார் நிற்கும். சப்ளையை அணைத்து ஸ்டாப் வயரைக் கழற்றிவிட்டு, மறுபடி சப்ளை கொடுத்து ஸ்டார்ட்டை அழுத்திப் பாருங்கள். மோட்டார் எடுக்கக் கூடாது.

மோட்டார் மிகைச் சுமையில் எரியாமல் காக்கும் ஓவர்லோடு ரிலேயின் 95–96 கான்டாக்ட்டும் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் மின்காந்த சுவிட்ச்) காயிலோடு தொடரில் இருக்க வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பைச் சாதாரண பி.எல்.சி. புரோகிராமை மட்டும் நம்பி விடாதீர்கள். அது வயர் வழியாகவே, சேஃப்டி ரிலே மூலம் காயிலின் சப்ளையைத் துண்டிக்க வேண்டும்.

கேள்வி: டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பட்டப் படிப்பில் சேர்கிறேன். எதை முன்கூட்டிப் படிக்கலாம்?

பதில்: தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, மேட்ரிக்ஸ். முதலாண்டுக் கணிதம் உங்களுக்குக் கிடைக்காது. அதன்மேல்தான் கன்ட்ரோல் சிஸ்டமும் வெப்பப் பரிமாற்றமும் நிற்கின்றன. பட்டறைப் பாடங்களில் உங்களுக்குச் சிரமம் இருக்காது.

கேள்வி: கேட் (கணினியில் வரையும்) மென்பொருள் நன்றாகத் தெரியும். டிராயிங் பாடத்தில் இனி என்ன இருக்கிறது?

பதில்: டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் விலகல்) இருக்கிறது. எச்7, ஜி6 என்பவை அதற்கான குறிகள். 25 எச்7 துளை என்றால் 25.000 முதல் 25.021 மி.மீ. வரை, அதில் ஓடும் ஜி6 ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை. இடைவெளி குறைந்தது 7 மைக்ரான் (0.007 மி.மீ.), அதிகபட்சம் 41. திரையில் இரண்டையும் வெறும் 25 என்று வரைந்து அனுப்பினால், ஒரு பீஸ் உள்ளே போகாது, அடுத்தது ஆடும். எந்தப் பரப்புக்கு இறுக்கமான டாலரன்ஸ் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். எல்லா அளவுக்கும் இறுக்கமாகக் கொடுத்தால் கிரைண்டிங் செலவு தேவையில்லாமல் ஏறும்.