வென்டிலேட்டரில் வைத்துவிட்டால் ஆள் திரும்பி வரமாட்டாரா?

"வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள் என்றாலே முடிந்த கதைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐசியூவில் பதினோரு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வராண்டாவில் இதே கேள்வியோடு யாராவது என்னை மடக்காத வாரம் இல்லை. எதற்காக வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் அதில்தான் இருக்கிறது.

மெஷின் எந்த நோயையும் குணப்படுத்தாது. நோய் இறங்கும்வரை மூச்சைப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். முற்றிய புற்றுநோய், பல வருடமாகக் கெட்டுப்போன நுரையீரல் என்றால் மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்கு முன்பே குடும்பம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. கட்டுவிரியன் கடி இதற்கு நேர் எதிர்.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல் பட்ட இடம்கூடப் பல சமயம் தெரியாது. அப்படித்தான் ஒரு விவசாயி, முப்பது வயசு இருக்கும், வயிற்றுவலி என்று விடியற்காலையில் வந்தார். இமை பாதி இறங்கியிருந்தது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னோம். எட்டைத் தாண்டவில்லை. அப்புறம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவே முடியவில்லை. நுரையீரலில் ஒரு கோளாறும் கிடையாது. மூச்சை இழுக்கிற தசைக்கு நரம்பிலிருந்து சேதி போவதுதான் நின்றுகொண்டிருந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ஆனால் நரம்பு நுனியில் ஏற்கெனவே நடந்த சேதத்தை அது சரிசெய்யாது. நுனி தானாகத் தேற நாளாகும். அதுவரைக்கும் வென்டிலேட்டர்.

டியூப் போட்டதும் இஞ்சு டேப்பை எடுத்து அவரை அளந்தேன். "எதுக்கும்மா அளவெடுக்கிறீங்க?" என்று அவர் அம்மா அலறிவிட்டார். பெட்டிக்கு என்று நினைத்துவிட்டார் போல. ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்வோம். அதிகமாகத் தள்ளினால் நுரையீரலே புண்ணாகும். கடுமையாகப் பாதித்த நுரையீரல்களில் ஒரு மூச்சுக்கான காற்றை, உயரத்துக்கு ஏற்ற எடையில் கிலோவுக்கு 12 மில்லியாக இருந்ததை 6 ஆகக் குறைத்ததில் சாவு சுமார் 40 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியதை 2000-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது லிஃப்ட்டில், மூச்சுக்காற்றை உள்ளே தள்ளுகிற ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே போனேன். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மெஷின் போதாமல், சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இப்படிப் பை அமுக்கியே பலரைக் காப்பாற்றினார்கள். எனக்கு அந்த நாலு மாடிக்கே கை கடுத்தது.

அன்று மாலைக்குள் கைகால் அசைவு நின்றுவிட்டது. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. "சிஸ்டர், உள்ளே உயிர் இருக்கா?" என்று மனைவி கேட்டார். மூளைச்சாவு மாதிரியே இருக்கும், ஆனால் அது இல்லை. இந்த விஷம் தசையைத்தான் முடக்கும். நினைவு இருக்கும், காதும் கேட்கும். அது தெரியாமல் மச்சினன் கட்டிலருகே நின்றுகொண்டு போனில் "வண்டி சொல்லி வச்சிரு, அட்வான்ஸ் நான் குடுத்துடறேன்" என்றார். வெளியே இழுத்துக்கொண்டு போய்த் திட்டினேன்.

ஐந்தாம் நாள் கால் கட்டைவிரல் அசைந்தது. ஏழாம் நாள் மெஷின் உதவியைக் குறைத்து, அரைமணி நேரம் தானாக மூச்சுவிடுகிறாரா என்று பார்த்தோம். தாங்கினார். டியூபை எடுத்தோம். தொண்டை கட்டியிருந்ததால் அன்று பேசவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் மச்சினன் உள்ளே வந்ததும் கரகரத்த குரலில் கேட்டார்: "மாப்ளே, வண்டி அட்வான்ஸ் திரும்பி வந்துச்சா?"