சப்வூஃபர் இருந்தும் சோபாவில் பேஸ் இல்லையா?

கேள்வி: 5 அங்குல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களோடு 10 அங்குல சப்வூஃபர் ஒன்றை ஏவி ரிசீவரில் இணைத்திருக்கிறேன். மூலையில் நின்றால் அதிர்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை. ஆண் குரல்கள் வேறு கொழகொழவென்று கேட்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: குரல் கெடுவதற்குப் பெரும்பாலும் கிராஸ்ஓவர்தான் காரணம்; அதாவது, எந்த அளவுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலி (பேஸ்) சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் எல்லை. ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 120-ஐத் தாண்டினால் ஆண் குரலின் அடிப்பகுதி சப்வூஃபருக்குள் போய்விடும். சப்வூஃபரின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் திருகியை உச்சத்தில் விட்டுவிடுங்கள். ரிசீவரிலும் சப்வூஃபரிலுமாக இரண்டு ஃபில்டர்கள் அடுத்தடுத்து ஒலியை வெட்டினால் நடுவில் பள்ளம் விழும்.

சோபாவில் பேஸ் காணாமல் போவது அறையின் வேலை. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் நிலையலை (சுவர்களுக்கிடையே எதிரொலித்து ஓரிடத்திலேயே நிற்கும் ஒலியலை) உருவாகும். அந்தச் சுரம் சுவரோரம் உரத்தும் நடுவில் மெலிந்தும் கேட்கும். வால்யூமைக் கூட்டிப் பயனில்லை, மூலைதான் இன்னும் அதிரும். சப்வூஃபரையே சோபாவில் ஏற்றி, பேஸ் கிடார் தெளிவாக ஒலிக்கும் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். (வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கின்றனவோ, பெட்டிக்கு அதுதான் இடம். சோபா அறையின் நட்டநடுவில் இருந்தால் ஓரிரண்டு அடி நகர்த்துங்கள்.

அடுத்து சப்வூஃபரிலுள்ள ஃபேஸ் சுவிட்ச். அதன் ஒலியலை ஸ்பீக்கர்களின் அலையோடு சேர்ந்து போகிறதா, எதிராகப் போகிறதா என்பதை இது மாற்றும். ஸ்பீக்கர்களும் ஓடும்போது 0, 180 இரண்டில் எதில் பேஸ் உரக்கக் கேட்கிறதோ அதில் வையுங்கள். பிறகு சப்வூஃபரின் ஒலியளவைச் சற்றுக் குறையுங்கள். பலரும் அதைக் கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.