எந்த வடக்கிலிருந்து அளப்பது?

கேள்வி: விமானம் '090' திசையில் பறக்கிறது என்றால் நேர் கிழக்கே செல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வடக்கிலிருந்து வலஞ்சுழியாகப் பாகைகளை எண்ணி மூன்று இலக்கங்களில் சொல்வது வான்பயண வழக்கம்; கிழக்கு 090, தெற்கு 180, மேற்கு 270, வடக்கு 360. ஆனால் எந்த வடக்கிலிருந்து அளந்தது என்பதும், அது விமானத்தின் மூக்கு நோக்கும் திசையா அல்லது தரைக்கு மேலாக விமானம் கடந்துசெல்லும் பாதையா என்பதும் தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. முன்னதை ஹெடிங் என்றும் பின்னதை டிராக் என்றும் விமானிகள் பிரித்தே பேசுவார்கள்.

வரைபடத்தின் தீர்க்கரேகைகள் புவியின் சுழல் அச்சைச் சார்ந்த உண்மை வடக்கைக் காட்டுகின்றன. திசைகாட்டியோ காந்த வடக்கைக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணமான காந்த ஒதுக்கம் இடத்துக்கு இடம் மாறும். போதாக்குறைக்கு, விமானத்திலுள்ள இரும்பும் மின்சுற்றுகளும் முள்ளைச் சற்றே இழுக்கும். அந்தப் பிழையை அளந்து எழுதிய சிறிய அட்டை ஒன்று திசைகாட்டியின் அருகிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வரைபடத்தின்படி நேர் கிழக்கே, அதாவது 090 பாதையில், செல்ல வேண்டும். விமானத்தின் வேகம் 120 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). வடக்கிலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது. காற்று தெற்கே தள்ளுவதை ஈடுகட்ட மூக்கை ஏறத்தாழ 10 பாகை இடப்புறம் திருப்ப வேண்டும், ஆக, 080. அவ்விடத்தின் காந்த ஒதுக்கம் கிழக்கே 10 பாகை என்றால், அதாவது காந்த வடக்கு உண்மை வடக்குக்கு 10 பாகை கிழக்கே இருந்தால், அதையும் கழிக்க, 070 கிடைக்கிறது. நேர் கிழக்கே செல்லும் விமானத்தின் கருவி 070 காட்டுவது இவ்வாறுதான். திசையில் 1 பாகை பிழை இருந்தால், 60 கடல் மைல் பறந்தபின் பாதை ஏறக்குறைய 1 கடல் மைல் விலகியிருக்கும் என்பதால், இந்தத் திருத்தங்களில் எதையும் அற்பமென்று ஒதுக்க இயலாது.

காந்தத் திசைகாட்டி நேராகவும் சீராகவும் பறக்கும்போதுதான் நம்பத்தக்கது. திரும்பும்போதும் வேகம் மாறும்போதும் தவறாகக் காட்டும். அதனால் சிறு விமானங்களில் ஜைரோஸ்கோப் (வேகமாகச் சுழன்று தன் திசையை மாறாமல் வைத்திருக்கும் சக்கரம்) கொண்ட திசைக் கருவியையும் வைத்திருக்கிறார்கள். அது ஆடாமல் நிற்கும் என்றாலும் வடக்கைத் தானாக அறியாது. மேலும் புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால், 30 பாகை அட்சரேகையில் அது மணிக்கு 7.5 பாகை விலகிவிடும். ஆகவே சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை திசைகாட்டியைப் பார்த்து அதைச் சரிசெய்வார்கள். பெரிய விமானங்களின் லேசர் ஜைரோக்கள் (சக்கரத்துக்குப் பதிலாக ஒளியால் சுழற்சியை உணரும் கருவிகள்) புவியின் இந்தச் சுழற்சியையே துணையாக்கிக்கொள்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. விமானம் தரையில் அசையாமல் நிற்கும் சில நிமிடங்களில் அவை புவியின் சுழற்சியை உணர்ந்து, காந்தத்தின் உதவியே இன்றி உண்மை வடக்கைக் கண்டறிகின்றன. காந்தத் திசையைக் கணினி தன் நினைவிலுள்ள அட்டவணையைக் கொண்டு பின்னர் கணக்கிடுகிறது.

கேள்வி: ஓடுபாதையின் எண் சில ஊர்களில் மாறியதாகப் படித்தேன். ஓடுபாதை நகருமா?

பதில்: ஓடுபாதை நகர்வதில்லை, காந்த வடக்குதான் நகர்கிறது. ஓடுபாதையின் காந்தத் திசையை அருகிலுள்ள பத்தாக்கி, கடைசிச் சுழியத்தை நீக்கினால் கிடைப்பதே அதன் எண். 090 திசைக்கு 09, மறுமுனைக்கு 27. காந்த ஒதுக்கம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறுவதால், பல ஆண்டுகளில் அந்தத் திசை அடுத்த பத்துக்குள் நுழைந்துவிடும். லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05/23 ஓடுபாதை 2009-இல் 04/22 ஆனதும், அமெரிக்காவின் டம்பாவில் 2011-இல் 18 என்ற எண் 19 ஆனதும் இதனால்தான். பலகைகள், தரையில் தீட்டிய எண்கள், வரைபடங்கள் அனைத்தையும் அப்போது மாற்றியாக வேண்டும். துருவத்தை ஒட்டிய வட கனடாவில் திசைகாட்டி நம்பத்தக்கதாக இல்லாததால், அங்குள்ள ஓடுபாதைகளுக்கு உண்மை வடக்கை வைத்தே எண் இடுகிறார்கள்.