எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சி வென்றது. தோற்ற கட்சிக்காரரும் பிரதேச சபை உறுப்பினராகிவிட்டாரே, எப்படி?

மோசடி இல்லை, இலங்கை உள்ளூராட்சித் தேர்தலின் 60க்கு 40 கலப்பு முறையின் கணக்குத்தான்: 60 வீத உறுப்பினர் வட்டாரத்தில் நேரடியாக வெல்வார்கள், 40 வீதம் கட்சிப் பட்டியலிலிருந்து வருவார்கள். மட்டக்களப்பில் 2018இலும் 2025 மே 6இலும் இப்படித்தான் நடந்தது.

வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே இருக்காது, கட்சியும் சின்னமும்தான். ஒரே புள்ளடி, விருப்பு இலக்கம் கிடையாது. (இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி போட்டால் நிராகரிப்புத்தான்.) அந்தப் புள்ளடி இரண்டு இடத்தில் எண்ணப்படும்: முதலில் வட்டாரத்தில், பிறகு சபை முழுவதற்கும்.

ஒரு சபைக்கு 20 ஆசனம், அதில் வட்டாரம் 12, பட்டியல் 8 என்று வைப்போம். செல்லுபடியான வாக்கு 20,000 என்றால் ஓர் ஆசனத்தின் விலை 1,000. 5,000 வாக்கு எடுத்த கட்சிக்கு 5 ஆசனம் உரித்து. வட்டாரத்தில் 1 மட்டும் வென்றிருந்தால் மீதி 4 பட்டியலில் வரும். அதற்குத் தோற்ற வேட்பாளரையும் கட்சிச் செயலாளர் பெயரிடலாம். நீங்கள் பார்த்தது இதுதான்.

எதிர்மாறாக, 7,000 வாக்கு எடுத்து 9 வட்டாரம் வென்ற கட்சியிடம் கூடுதலான 2ஐப் பறிக்க முடியாது. சபைதான் 22ஆகப் பெருகும். பாதிக்கு மேல் ஆசனம் எவருக்கும் கிடைக்காமல் போவதும் உண்டு, ஆசனம் வாக்கு வீதப்படி பிரிவதால். அப்போது தவிசாளரை, அதாவது சபைத் தலைவரை, முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. அதிக ஆசனம் எடுத்த கட்சி எதிரணியில் உட்காரும் வேடிக்கையும் அங்கேதான்.

பெண்களுக்கு 25 வீதம் சட்டப்படி வேண்டும். வட்டாரத்தில் ஆண்களே வென்றிருந்தால் பட்டியல் ஆசனம் பெண்களுக்குப் போகும்.