நெற்றியில் வைத்த கை – கடிதம்

வணக்கம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு ஒன்பது மாதம். கொரோனாத் தொற்று பரவத் தொடங்கியதிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சின்னவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன். போன வாரம் அவளுக்கு உடம்பு சுட்டது. மருந்துப் பெட்டியில் மூத்தவனுக்கு வாங்கிய சிரப்பும் இருந்தது, இவளுக்கு வாங்கிய சொட்டு மருந்தும் இருந்தது. எதை, எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் நானும் கணவரும் நடுராத்திரியில் சண்டை போட்டுக்கொண்டோம். கடைசியில் காய்ச்சல் தானாகவே இறங்கியது. ஒன்பதாம் மாதத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்து நோயை வாங்கி வந்துவிடுவோமோ என்று பயம். எனக்கே தொற்று வந்தால் தாய்ப்பால் கொடுக்கலாமா?

மூத்தவன் மூன்று வருடமாகப் படுக்கையை நனைத்ததில்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் நனைக்கிறான். படுக்கப் போகும்போது, “அம்மா, நீ செத்துப் போயிடுவியா?” என்கிறான். “அப்படியெல்லாம் பேசக்கூடாது” என்று வாயை அடைத்துவிடுகிறேன். வேறென்ன சொல்வது?

– ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உலுக்கியது அந்த மருந்துப் பெட்டிதான். கொரோனாத் தொற்று பெரும்பாலான குழந்தைகளுக்கு லேசாக வந்து போனது. ஆனால் சிரப்பும் சொட்டு மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பெட்டி, தூக்கக் கலக்கத்தில் திறக்கும்போது எந்தக் காலத்திலும் ஆபத்து. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

காய்ச்சல் மருந்தான பாராசிட்டமாலின் அளவைக் குழந்தையின் எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை. சின்னவள் 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 120 மி.கி. இப்போது பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். 5 மி.லி.க்கு 120 மி.கி. என்று போட்டிருந்தால் அவளுக்கு 5 மி.லி. அதே 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கிற சிரப் என்றால் 2.4 மி.லி. ஒரு மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் வெறும் 1.2 மி.லி. மூன்றுக்கும் மருந்துப் பெயர் ஒன்றே, நிறமும் வாசனையும்கூட ஏறக்குறைய ஒன்றுதான். “ஒரு ஸ்பூன் கொடுத்துடு” என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சொட்டு மருந்தில் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவே கிலோவுக்கு 60 மி.கி., அதாவது அவளுக்கு 480 தான். அளவு மீறினால் கெடுவது கல்லீரல். முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் அதில் மோசம்.

எனவே இன்றைக்குப் பகலிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஒரு பாட்டிலில் மூத்தவன் பெயர், இன்னொன்றில் சின்னவள் பெயர், கீழே “இத்தனை மி.லி., இந்தத் தேதி எடைப்படி” என்று அழியாத மையில் எழுதி, ஒருமுறை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதக் குழந்தையின் எடை வேகமாக மாறும், தேதி அதற்காக. சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு பிடிக்கும். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, நாக்கின் மேல் பீய்ச்சாமல் கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் 6 மணி நேரம், எப்படியும் 4 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். சளிக்கென்று விற்கிற பல கலவை மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இதையும் அதையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு வழி செய்யலாம்.

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல்: உங்கள் கை குளிர்ந்திருந்தால் எல்லா நெற்றியும் சுடும். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளின் நடுக்குழியில் வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஒலி வரும்வரை காத்திருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், தொட்டால் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த எண் வந்தால் மருந்துக் கணக்கெல்லாம் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். உங்களுடையவள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். 101 இருந்தாலும் விளையாடிக்கொண்டு, பால் குடித்துக்கொண்டு இருந்தால் மருந்துகூட அவசியமில்லை. மருந்து குழந்தையின் அவஸ்தையைக் குறைக்கத்தான். ஐஸ் தண்ணீரில் துணி நனைத்துப் போடாதீர்கள். உடம்பு நடுங்கும், நடுங்கினால் உள்ளே சூடு ஏறும். ஆவி பிடிக்க வைப்பதையும் விட்டுவிடுங்கள். அதனால் சளி குணமானதைவிடக் கொதிநீர் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோனதுதான் மிச்சம்.

காய்ச்சல் எவ்வளவு என்பதைவிட மூச்சு எவ்வளவு என்பது முக்கியம். இதை அவள் நன்றாக இருக்கிற நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். அவள் தூங்கும்போது சட்டையை மார்புக்கு மேலே சுருட்டிவிடுங்கள். வயிறும் அடி மார்பும் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரிப்படலாம். கைக்குழந்தை நாலைந்து மூச்சு வேகமாக விட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்தும், பெருக்கினால் பிழை பெருகும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணுவது வீண். 2 மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. ஒரு வயது முதல் ஐந்து வரை 40. மூத்தவன் வயதில் 30-ஐத் தாண்டினால் கவனியுங்கள். காய்ச்சலே மூச்சைக் கொஞ்சம் வேகமாக்கும், எனவே சூடு இறங்கியபின் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் அதே எண் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

சில அறிகுறிகள் வந்தால் எண்ணிக்கொண்டே நிற்கக் கூடாது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே மார்பு குழிவது, மூக்குத்துவாரம் விரிவது, மூச்சை விடும்போது முனகல், உதடு நீலம் பாய்வது, பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினாலும் எழாத சோர்வு. இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர் வாங்கியிருப்பீர்கள், கொரோனாக் காலத்தில் வாங்காத வீடு குறைவு. பெரியவர்களுக்கான கிளிப் கைக்குழந்தையின் விரலில் சரியாக உட்காராது. வெளிச்சம் உள்ளே கசிந்து 88 என்று காட்டும், வீடே அலறும். அவளுக்கென்றால் சிறு குழந்தைகளுக்கான சென்சார் வேண்டும், அதைக் காலின் கட்டைவிரலில் சுற்றலாம். மூத்தவனுக்கு விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாமல், துடிப்புக் கோடு சீராக ஓடத் தொடங்கியபின் படியுங்கள். 94-க்குக் கீழே நிலையாக இருந்தால் மருத்துவர், 90-க்குக் கீழே என்றால் அவசரப் பிரிவு. சருமம் கறுப்பாக இருந்தால் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பதால், எண் நன்றாக இருக்கிறது என்று மூச்சுத்திணறலை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு தாளில் நாலு பத்தி போட்டுச் சுவரில் ஒட்டுங்கள்: நேரம், காய்ச்சல், மூச்சு, சிறுநீர். மருந்து கொடுத்தால் அதே வரிசையில் எத்தனை மி.லி. என்பதும். எட்டு மணி நேரம் டயப்பர் நனையவில்லை என்றால் உடம்பில் நீர் வற்றுகிறது. “ராத்திரி நீ கொடுத்தியா, நான் கொடுத்தேனா” என்ற சண்டைக்கும் இந்தத் தாள் மருந்து. வாட்ஸப்பில் வருகிற அட்டவணைகளில் சரியானதும் ஒன்றிரண்டு இருக்கும். அது எது என்று கண்டுபிடிப்பதற்குள் குழந்தையின் மூச்சை இரண்டு தடவை எண்ணிவிடலாம்.

தொற்று வந்து போன பிறகும் ஆறு வாரம் ஒரு கண் இருக்கட்டும். 2020 ஏப்ரல் வாக்கில் பிரிட்டனில் முதலில் கவனத்துக்கு வந்த ஒரு நிலை உண்டு: தொற்று முடிந்து இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் சில பிள்ளைகளுக்கு உடம்பு முழுவதும் அழற்சி. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, கடுமையான வயிற்றுவலி, வாந்தி. அரிதுதான். ஆனால் வயிற்றுவலியைப் பார்த்துவிட்டு “ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை” என்று இருந்துவிடுவார்கள். மருத்துவரிடம் “போன மாதம் வீட்டில் தொற்று இருந்தது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. தள்ளிப்போட்டவர் நீங்கள் மட்டுமல்ல. 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் வழக்கமான அடிப்படைத் தடுப்பூசிகளைத் தவறவிட்டதாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. ஒன்பதாம் மாதத்தில் பல நாடுகளில் போடுவது தட்டம்மைக்கு. பாதுகாப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அவர் அறையை விட்டுப் போனபிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். கைக்குழந்தைக்கு அது கொரோனாவைவிடப் பெரிய பூதம். முன்கூட்டியே போன் செய்து காலையின் முதல் நேரத்தைக் கேளுங்கள். நோயாளிகள் காத்திருக்கும் இடத்திலிருந்து தடுப்பூசி அறை தனியா என்றும் கேட்டுவிடுங்கள். ஒருவர் மட்டும் போனால் போதும், மூத்தவன் வீட்டில் இருக்கட்டும். கூப்பிடும்வரை வெளியே காற்றோட்டத்தில் நில்லுங்கள். நீங்கள் மாஸ்க் போடுங்கள், அவளுக்குப் போடாதீர்கள்; இரண்டு வயதுக்குள் மூச்சு முட்டினால் தானாக இழுத்து எறியத் தெரியாது. விட்டுப்போன தவணைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்து தொடர்வார்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாம். உங்களுக்குத் தொற்று உறுதியானாலும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிருமி போகிற வழி உங்கள் மூச்சு. குழந்தையைத் தூக்குமுன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு, கொடுங்கள். எழுந்து உட்கார முடியாத நிலை என்றால் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து, உடல் நலமாக இருக்கிற ஒருவர் ஸ்பூனால் புகட்டலாம்.

இனி மூத்தவன். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். சிறுநீர் போகும்போது எரிச்சலா? பகலில் அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும், எடை குறைவதும் உண்டா? இருந்தால் அன்றைக்கே சிறுநீரும் ரத்தச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டம் நின்று, நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு இது சாதாரணம். நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும். இது எதுவும் இல்லையென்றால் அவன் பயம்தான் அப்படி வருகிறது. தண்ணீரை நாள் முழுக்கக் குறைக்காதீர்கள், படுக்குமுன் ஒரு மணி நேரம் மட்டும் குறைக்கலாம். படுக்கும்போது கழிவறைக்கு அனுப்புங்கள். மெத்தைக்கு மேல் நீர் புகாத விரிப்பு, அதற்கு மேல் துணி. நனைந்தால் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிட்டுத் திரும்பப் படுக்க வேண்டும், அந்த நேரத்தில் எந்தப் பேச்சும் வேண்டாம். தங்கைப் பாப்பாவோடு ஒப்பிட்டுக் கேலி செய்கிற பெரியவர் வீட்டில் இருந்தால் அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

அவன் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: நீ இல்லாவிட்டால் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? வாயை அடைத்தால் அது படுக்கைக்குப் போகிறது. “நான் சாகவே மாட்டேன்” என்றும் சொல்லாதீர்கள். அது பொய் என்பது ஏழு வயதுக்குத் தெரியும். இறந்த யாரைப் பற்றியும் “தூங்கிட்டாங்க” என்று சொல்லாதீர்கள், அப்புறம் அவன் தூங்கவே பயப்படுவான். ராத்திரிச் செய்தியை அவன் காதில் விழாமல் நிறுத்துங்கள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிச் சொல்லலாம்: “அம்மாவுக்கு இப்ப உடம்பு நல்லா இருக்கு. ரொம்ப நாள் உன்னோட இருக்கணும்னுதான் மாஸ்க் போடறேன், கை கழுவறேன். எனக்கு உடம்பு சரியில்லாமப் போனா அப்பா உன் பக்கத்துலயே இருப்பாரு. அப்பாவுக்கும் முடியலேன்னா சித்தி வருவா, அவகிட்டப் பேசி வச்சிட்டேன்.” சித்தியோ வேறு யாரோ, அந்தப் பெயர் உண்மையாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் நிஜமாகவே அவரிடம் பேசி வைத்துவிடுங்கள். நாளைக்கும் கேட்பான், மறுநாளும் கேட்பான். அதே பதிலை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.