திருப்பும்போது உறுமும் ஸ்டெர்ன்டிரைவ்: கிரீஸ் எங்கே போகவேண்டும்?

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “20 அடிப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மெர்குரூசர் ஆல்பா ஒன் ஜென் டூ ஸ்டெர்ன்டிரைவ். பினாங்கில் தண்ணீரிலேயே நிற்கிறது. வார இறுதியில் ஜெரஜாக் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போவோம். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் பின்னால் உறுமுகிறது. விற்றவரைக் கேட்டால், ‘கிரீஸ் அடிங்க, சரியாயிடும்’ என்கிறார். எங்கெங்கே அடிக்கவேண்டும், என்ன கிரீஸ், எத்தனை நாளுக்கு ஒருமுறை?”

முதலில் அந்தச் சத்தத்தைப் பார்ப்போம். நேராக ஓடும்போது அமைதி, திருப்பினால் உறுமல் என்றால் சந்தேகம் இரண்டு இடங்கள் மேல்தான்: டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங், அந்தத் தண்டு மடங்கும் மூட்டான யூ-ஜாயின்ட். ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் படகுக்குள்ளே இருக்கிறது, புரோப்பெல்லர் பொருத்திய டிரைவ் வெளியே தொங்குகிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு, நீங்கள் திருப்பும்போது யூ-ஜாயின்டில் மடங்கிச் சுழல்கிறது. அதைச் சுற்றியுள்ள பெல்லோஸ் என்ற மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்தான் கடலை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. அதில் ஊசி நுழையும் அளவு ஓட்டை விழுந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து கிரீஸைக் கழுவிவிடும். துரு பிடிக்கும், பிறகுதான் சத்தம் வரும். இந்த நிலையில் கிரீஸ் அடித்தால் சத்தம் சில நாள் அடங்கலாம், ஓட்டை அப்படியேதான் இருக்கும். பெல்லோஸ் கிழிந்தால் தண்ணீர் படகுக்குள்ளேயும் வரும், கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கக்கூடும். அதனால் அடுத்த பயணத்துக்கு முன்பு படகைக் கரையேற்றுங்கள்.

டிரைவைப் படகோடு பிடித்திருக்கும் கிம்பல் ஹவுசிங்கின் வலப்பக்கம் தெரிகிற நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றும் முனை, கிம்பல் பேரிங்குக்கு மட்டும்தான். யூ-ஜாயின்ட் பெல்லோஸுக்குள்ளே இருக்கிறது; தண்டின் நுனியில் உள்ள ஸ்ப்லைன் பற்கள் எஞ்சின் பக்கம், தண்டை எஞ்சினோடு இணைக்கும் கப்ளருக்குள் இருக்கின்றன. டிரைவைக் கழற்றாமல் அவற்றைச் சரியாகப் பார்க்க முடியாது. பத்து மாவுங்கில் ஒரு படகைத் திறந்தது நினைவிருக்கிறது. உரிமையாளர் மாதாமாதம் தவறாமல் கிரீஸ் அடித்தவர், நிப்பிள் பளபளவென்று இருந்தது. டிரைவைப் பின்னுக்கு இழுத்ததும் பெல்லோஸிலிருந்து ஒரு கிளாஸ் அளவு செம்பழுப்புத் தண்ணீர் கொட்டியது. யூ-ஜாயின்டின் ஒரு பக்கம் கையால் அசைக்க முடியாமல் இறுகிக் கிடந்தது. ஸ்ப்லைன் பற்களின் நடுவில் சிவப்புப் பொடி, ஒரு சொட்டு கிரீஸ்கூட இல்லை. அவ்வளவு அக்கறையாகப் பார்த்த மனிதருக்கு ‘வருஷத்துக்கு ஒருமுறை கழற்றுங்கள்’ என்று எந்தப் பட்டறையும் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

குளிர்நாடுகளில் குளிர்காலத்துக்குப் படகை மேலே எடுக்கும்போதே இந்த வேலையையும் முடித்துவிடுவார்கள். நமக்கு அப்படி ஓய்வுக்காலம் இல்லை. மழை கொட்டும் செப்டம்பர், அக்டோபரை நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பாவைக் கழற்றும் முன் கியர் லீவரை முன்னோக்கிய நிலையில் வையுங்கள். கனமான சாமான், இரண்டு பேர் வேண்டும். கழற்றியதும் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், மணல் நெருடுவது போல் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதை மாற்றும்போது பெல்லோஸையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். கூலி ஒன்றுதான், பழைய ரப்பரை மறுபடி நம்ப வேண்டாம். அப்புறம், எஞ்சினும் பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட் கம்பி. அது பேரிங் வழியாக எஞ்சின் கப்ளருக்குள் இரண்டு விரல் பலத்திலேயே வழுக்கிப் போகவேண்டும். தட்டித் திணிக்க வேண்டியிருந்தால் எஞ்சின் உயரம் சரியில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் ஸ்ப்லைன் தேய்ந்துவிடும்.

கிரீஸ் விஷயத்தில் கார் வீலுக்கு வாங்கியதை எடுக்காதீர்கள். கடல்நீர் கழுவாத மரைன் கிரீஸ் வேண்டும். கப்ளர் ஸ்ப்லைனுக்கும், யூ-ஜாயின்ட், கிம்பல் பேரிங்குக்கும் மெர்குரி தனித்தனி கிரீஸ் விற்கிறது. சில யூ-ஜாயின்ட் நிப்பிளே இல்லாமல் மூடிய வகையாக வரும், அதை அசைத்துப் பார்த்தால் போதும். புரோப்பெல்லர் உப்புநீரில் அதன் தண்டோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றித் தண்டில் கிரீஸ் பூசுங்கள். அப்போது அந்தத் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள், மீன் பிடிக்கிற படகுக்கு இது முக்கியம். தண்டின் ஆயில் சீல்களை அறுப்பது பெரும்பாலும் அந்த நரம்புதான். ஸ்டீயரிங் கேபிளில் நிப்பிள் இருந்தால், கேபிள் முழுசாக உள்ளே இழுக்கப்பட்ட நிலையில் மட்டும் கிரீஸ் அடியுங்கள். நீண்டிருக்கும்போது அடித்தால் கிரீஸ் அடைத்து ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

கியர் ஆயிலை 100 மணி நேரத்துக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எது முதலில் வருகிறதோ அது. தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில்தான் தங்கும். அதனால் கரையேற்றிய படகை ஓர் இரவு விட்டு, காலையில் அடி ஸ்குரூவைச் சற்றே தளர்த்தி முதல் சில சொட்டுகளைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். பால் ஊற்றிய தேநீர் போல் வந்தால் ஏதோ ஒரு சீல் போய்விட்டது. ஆயிலை மாற்றுவதால் மட்டும் அது தீராது. புது ஆயிலை மேலேயிருந்து ஊற்றாதீர்கள், உள்ளே காற்று தங்கிவிடும். அடித்துளையில் பம்ப் வைத்து ஏற்றுங்கள், மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் அதை மூடுங்கள். உங்கள் டிரைவுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும். தொடர்ந்து ஏற்றி, எஞ்சின் அறையில் இருக்கும் டிரைவ் ஆயில் பாட்டில் கோடு வரை நிறைந்தபின் அடித்துளையை மூடுங்கள். ஸ்குரூ வாஷர் இரண்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும், விலை சில வெள்ளிதான்.

நிறுத்தும்போது டிரைவைக் கீழே இறக்கி வையுங்கள். தூக்கியே வைத்தால் பெல்லோஸ் மடிந்த இடத்தில் விரிசல் விடும். டிரைவைத் தூக்கி இறக்கும் டிரிம் ராட்டும் வெளியே நீட்டி நிற்கும், அந்தப் பளபளப்பில் மலாய் மீனவர்கள் தெரித்திப் என்று சொல்லும் ஒட்டுச் சிப்பி வளரும், டிரைவை இறக்கும்போது அது அந்த ராட்டின் சீல்களைக் கிழிக்கும். படகு மேலே வரும்போதெல்லாம் டிரைவை முழுக்கத் தூக்கி, இரண்டு பக்கமும் திருப்பி, பெல்லோஸின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த முறை அதிலிருந்தே ஆரம்பியுங்கள். விரிசல் கண்ணில் படாவிட்டாலும், இந்த உறுமலுக்கு டிரைவைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.