புக்கெட் போகும் முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 44. ஐடி வேலை. 3 வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். வாரத்தில் 3 நாள் நடைப்பயிற்சி உண்டு. நண்பர்களோடு தாய்லாந்தின் புக்கெட் தீவில் 2 வார உடற்பயிற்சி முகாமுக்குப் போகிறேன். தினமும் இரண்டு வேளை பயிற்சி, முவே தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டையும் சேர்த்து. இன்னும் 6 வாரம் இருக்கிறது. இப்போதே ஜிம்மில் இரண்டு வேளை ஆரம்பித்துவிடட்டுமா? டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார்."

இரண்டு வேளை வேண்டாம். விளையாட்டு மருத்துவத்தில் இருக்கும் எங்களிடம், முகாமுக்குப் போகும் முன்பே முழங்காலையும் கெண்டைக்காலையும் கெடுத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. முதல் 4 வாரம் ஒரு வேளைதான். நடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டமாக்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் கால், இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். ஸ்கிப்பிங் கயிறு வாங்கி ஒரு நிமிடத்தில் ஆரம்பியுங்கள். முவே தாய் வகுப்புகள் பெரும்பாலும் ஸ்கிப்பிங்கில்தான் தொடங்கும், பழகாத கால் முதல் நாளே பிடித்துக்கொள்ளும்.

கடைசி 2 வாரம் உடம்பை வெயிலுக்குப் பழக்குவதற்கு. "நான் தமிழ்நாட்டுக்காரன், வெயில் எனக்குப் புதுசா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாள் முழுக்க ஏசியில் உட்காரும் உடம்புக்கு வெயில் புதுசுதான். அதிலும் கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வியர்வையை உலர்த்திவிடும். புக்கெட்டின் கடற்காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராமல் வழியும். உலராத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. ஆகவே புறப்படும் முன் 10 முதல் 14 நாள், மாலை 4 மணி வெயிலில் வேக நடை. 20 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை போகலாம். ரத்த ஓட்டமும் வியர்வையும் மாறிக்கொள்ள ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும்.

இனி உங்கள் மாத்திரை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகாமில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. அட்டையைத் திருப்பி, பின்னாலுள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருந்தால், அது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. நம் ஊரில் டெல்மிசார்டானோடு இதைச் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தருவது சகஜம். வீட்டில் இருக்கும்வரை நல்ல மருந்துதான். ஆனால் சட்டை பிழியப் பிழிய வியர்க்கும் இடத்தில் நீர் இரண்டு வழியாகப் போகிறது. மூன்றாம் நாள் உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையையும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தில்தான் கை வைக்கும். நம் மருந்துக்கடைகளில் சீட்டே இல்லாமல் வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். எத்தனை வருடம்தான் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பது? வலிக்குப் பாராசிட்டமால் போதும். அட்டையில் மெட்டோப்ரோலால், நெபிவோலால் இருந்தால் வேறு விஷயம். நாடித்துடிப்பை மருந்தே அடக்கி வைத்திருக்கும், அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். வெறும் அம்லோடிபின் என்றால் இந்த இரண்டு கவலையும் இல்லை. எதுவானாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்றுவதா என்பதை உங்கள் மருத்துவரே, புறப்பட 2 வாரம் முன்பாவது, முடிவு செய்யட்டும்.

அப்படியே இசிஜி ஒன்றும் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். 'ஃபிட்னஸ் சர்டிபிகேட்' இதற்கு ஈடாகாது. என்னிடம் வந்த ஒருவர் அப்படி ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டவர் இவருடைய ரத்த அழுத்தத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் அளந்தபோது 170க்கு 104.

சரி, ஏஜென்ட் விஷயம். இன்சூரன்ஸ் பேப்பரை மெயிலில் வாங்கி நீங்களே படியுங்கள். பிரீமியம் குறையும் என்று சில ஏஜென்ட்கள் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற இடத்தில் 'இல்லை' என்று நிரப்பிவிடுகிறார்கள். நாளைக்கு மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்ந்தால், அந்த ஒரு வார்த்தையைக் காட்டியே பணம் தர மறுக்கலாம். ரத்த அழுத்தத்தை எழுதச் சொல்லுங்கள். முவே தாய் போன்ற சண்டைப் பயிற்சிக்குப் பாலிசி பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள், பல பாலிசிகள் பொருந்தாது. இவ்வளவு முக்கியமான வரியை 30 பக்கத்தின் நடுவே ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்று எனக்கு இன்னமும் ஆத்திரம்தான்.

ஸ்கூட்டரும் இதோடு சேர்ந்ததுதான். புக்கெட்டின் சலோங் பக்கம் தா-இயட் தெருவில் முகாம்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து கடற்கரைக்குப் போக வாடகை ஸ்கூட்டர் எடுப்பது வழக்கம், லைசென்ஸைப் பற்றி அதிகம் கேட்கவும் மாட்டார்கள். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் அப்படி விழுந்து காலர் எலும்பை முறித்துக்கொண்டார். அவரிடம் கார் லைசென்ஸ் மட்டுமே இருந்தது, இன்சூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை. இருசக்கர வாகன லைசென்ஸும், ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருந்தால் ஓட்டுங்கள். இல்லையென்றால் டாக்ஸி.

இன்னொன்று. 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள், அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில், இலவசமாக. இதற்குக் கட்டணம் கேட்கும் தளங்களும் ஏஜென்ட்களும் உண்டு. கொடுக்காதீர்கள்.

அங்கே போன பிறகு முதல் 3 நாள் ஒரு வேளை வகுப்பு மட்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொடியில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருப்பதைப் பார்த்து வாங்கிப் போங்கள். நன்றாக வியர்த்த நாளில் ஒரு லிட்டர் கலந்து குடிக்கலாம், ரத்த அழுத்தம் இருப்பதால் தினமும் வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை மேற்குக் கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை உடைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று அர்த்தம். அறைக்குப் போய்ப் படுக்காமல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போகும்போது மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.